செரேஷியாவின் சிவப்பு: பாக்டீரியா நிறம் செய்யும் வழியும், அந்த வழி உருவான விதமும்

கேள்வி சுருக்கமாக இது: செரேஷியா மார்சசென்ஸ் என்ற பாக்டீரியாவை 28 டிகிரியில் வளர்த்தால் ரத்தச் சிவப்பு, 37 டிகிரியில் வைத்தால் வெள்ளை. தட்டிலிருந்து தட்டுக்குப் பல முறை மாற்றிய பிறகு 28 டிகிரியிலும் சில காலனிகள் வெள்ளையாகவே வருகின்றன. இந்தச் சிவப்பு எப்படி உண்டாகிறது, ஏன் போய்விடுகிறது, இவ்வளவு நீளமான வேதிப்பாதை பரிணாமத்தில் எங்கிருந்து வந்தது?

முதலில் அந்த இரண்டு வெள்ளைகளையும் பிரித்துவிடுவோம். 37 டிகிரியில் வரும் வெள்ளையில் மரபணுக்கள் நலமாக இருக்கின்றன, ஆனால் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 28 டிகிரிக்குக் கொண்டுவந்து புதுத் தட்டில் கோடிழுத்தால் ஒன்றிரண்டு நாளில் சிவப்பு திரும்பிவிடும். 28 டிகிரியில் இரண்டு மூன்று முறை மாற்றியும் சிவக்காத காலனியில் மரபணுவே கெட்டிருக்கிறது. எந்த மரபணு என்பதை டி.என்.ஏ. வரிசை பார்க்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்கு நிறமி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பு நிறமியின் பெயர் புரோடிஜியோசின். 20 கார்பன், 25 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். மூலக்கூறு எடை 323. பிர்ரோல் எனப்படும் ஐந்து அணு வளையங்கள் மூன்று, ஏ, பி, சி என்று வரிசையாக நிற்கின்றன. மூன்றின் குறுக்கேயும் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஓடுவதால் பச்சை ஒளி உறிஞ்சப்பட்டு நமக்குச் சிவப்பு தெரிகிறது.

இதை ஒரே நீளமாகக் கட்டுவதில்லை என்பதுதான் முக்கியம். ஏ, பி வளையங்கள் சேர்ந்த பாதி ஒரு பக்கம் தயாராகிறது. அதைச் சுருக்கமாக எம்.பி.சி. என்பார்கள். சி வளையம் தனியாக வேறு பக்கம் தயாராகிறது, அது எம்.ஏ.பி. கடைசியில் பிக்-சி என்ற நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து, இரண்டையும் ஒட்டுகிறது, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இந்த வேலை முழுவதற்குமான மரபணுக்கள் பிக்-ஏ முதல் பிக்-என் வரை 14, ஒரே இடத்தில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன.

எம்.பி.சி. பாதி புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. பிக்-ஐ அதை ஏ.டி.பி. கொண்டு கிளர்த்தி, பிக்-ஜி என்ற சிறு புரதத்தின் நீண்ட கையில் மாட்டுகிறது. அந்தக் கையைப் பொருத்துவது பிக்-எல். கை இல்லையென்றால் புரோலின் தொங்க இடமில்லை. தொங்கும் நிலையிலேயே பிக்-ஏ புரோலின் வளையத்திலிருந்து ஹைட்ரஜன்களை உருவி அதைப் பிர்ரோலாக்குகிறது. ஏ வளையம் தயார். பிறகு பிக்-ஜே, பிக்-எச் இரண்டும் மலோனைல் துண்டிலிருந்து இரண்டு கார்பனையும் செரினிலிருந்து இரண்டு கார்பனையும் சேர்த்து பி வளையத்தை மூடுகின்றன. இரண்டு இடத்திலும் ஒரு கார்பன் டை ஆக்சைடு கழிகிறது. பிக்-எம் ஆல்கஹால் முனையை ஆல்டிஹைடாக்குகிறது. பிக்-எஃப், பிக்-என் துணையோடு, ஒரு மீத்தைல் ஏற்றுகிறது. கார்பன் கணக்குப் பார்த்தால் புரோலினில் 5, மலோனைலில் 2, செரினில் 2, மீத்தைல் 1, ஆக 10.

எம்.ஏ.பி. பாதி சின்னது. எட்டுக் கார்பன் கொண்ட ஆக்டினால் என்ற கொழுப்புத் துண்டோடு பைருவேட்டிலிருந்து இரண்டு கார்பனை பிக்-டி ஒட்டுகிறது. இதற்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, துணை. பிக்-இ நைட்ரஜனை வைத்து வளையத்தை மூடுகிறது, பிக்-பி ஆக்சிஜனேற்றம் செய்து முடிக்கிறது. இங்கும் 10 கார்பன். இரண்டும் சேர்ந்து 20.

இனி வெள்ளைக் காலனிக்கு வருவோம். தேவை ஒரு பெப்டோன் கிளிசரால் அகார் தட்டு: லிட்டருக்குப் பெப்டோன் 5 கிராம், கிளிசரால் 10 மி.லி., அகார் 15 கிராம். இரண்டு வெவ்வேறு வெள்ளை வகைகளை 3 முதல் 5 மி.மீ. இடைவெளியில், ஒன்றையொன்று தொடாமல், பக்கத்துப் பக்கத்தில் கோடாக இழுங்கள். 28 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம். ஒவ்வொரு வகையையும் தனித் தட்டிலும் இழுத்து வையுங்கள்; தனியாகவே சிவந்தால் அது கெட்ட மரபணு தானே சரியாகிக்கொண்ட செல், இந்தச் சோதனைக்கு உதவாது.

ஒரு கோட்டின் விளிம்பு, மற்றக் கோட்டைப் பார்த்த பக்கம் மட்டும், முதலில் சிவக்கும். சிவக்கும் கோடு வாங்குகிறது, எதிரே இருப்பது கொடுக்கிறது. எம்.பி.சி. செய்ய முடியாத செல் எம்.ஏ.பி.யைச் செய்துகொண்டே இருக்கும். அது ஆவியாகக்கூடிய பொருள், பக்கத்துக் கோட்டுக்குப் போய்விடும். அங்கே எம்.ஏ.பி. வழி மட்டும் கெட்ட செல் எம்.பி.சி.யை வைத்துக்கொண்டு காத்திருந்தால் பிக்-சி ஒட்டிவிடும், சிவப்பு வரும். பிக்-சியே கெட்ட செல் இரண்டு பாதியையும் தாராளமாகக் கொடுக்கும், ஆனால் எதை வைத்தாலும் தான் சிவக்காது. கொடுக்கவும் இல்லை, வாங்கிச் சிவக்கவும் இல்லை என்றால் பெரும்பாலும் கட்டுப்பாட்டு மரபணுவில் கோளாறு, அல்லது பிக் மரபணுத் தொகுதியில் பெரிய பகுதி போயிருக்கிறது. வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சாக வந்தால் மீத்தைல் ஏறாத நார்புரோடிஜியோசின் சேர்கிறதா என்று பாருங்கள்; அப்போது சந்தேகம் பிக்-எஃப், பிக்-என் பக்கம்.

ஆய்வகத்தில் வெள்ளை பெருகுவதற்குக் காரணம் எளிது. ஒவ்வொரு சிவப்பு மூலக்கூறுக்கும் புரோலின், செரின், மீத்தைல் வழங்கி, ஏ.டி.பி. என்று செலவு. போட்டிக்கு ஆள் இல்லாத தட்டில் அந்தச் செலவு செய்யாத செல்லுக்கு லாபம். அதனால் சிவந்த ஒற்றைக் காலனியை எடுத்து வளர்த்து, 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் முதல் நாளே வைத்துவிடுங்கள். வாரா வாரம் சாய்வு அகாரில் மாற்றிக்கொண்டிருப்பது வெள்ளையைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான்.

37 டிகிரி விஷயம். அந்த வெப்பத்தில் பிக் மரபணுக்கள் படியெடுக்கப்படுவதே குறைந்துவிடுகிறது. இதற்கு ஹெக்ஸ்-எஸ் என்ற அடக்கிப் புரதம் வேண்டும். அதை நீக்கிய வகைகள் நிறம் தடைபடும் வெப்பத்திலும் நிறம் செய்கின்றன. ஆகவே, நொதி சூட்டில் கெட்டுப்போகிறது என்று மட்டும் சொல்வது போதாது.

வெப்பம் சரியாக இருந்தும் நிறம் வெளிறினால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று குளுக்கோஸ். அது இருந்தால் நிறமி வழி அடங்குகிறது, வளர்ப்பு ஊடகமும் புளித்துப்போகிறது. கிளிசராலோ மால்டோஸோ போடுவது அதனால்தான். இரண்டாவது காற்று. பிக்-ஏ, பிக்-எம், பிக்-பி மூன்றும் ஆக்சிஜனேற்றப் படிகள். 250 மி.லி. குடுவையில் 50 மி.லி.க்கு மேல் ஊற்றாமல் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றில் குலுக்குங்கள். குழாயில் குத்தி வளர்த்தால் மேற்பரப்பு மட்டும் சிவந்து அடிப்பகுதி வெளிறிக் கிடப்பதும் இதே காரணம்தான். கொழுப்பு கொடுத்தால் நிறம் கூடும். சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வேர்க்கடலைப் பொடியையும் எள்ளுப் பொடியையும் கரைத்த ஊடகத்தில் சாதாரண நியூட்ரியன்ட் பிராத்தைவிடப் பல மடங்கு புரோடிஜியோசின் எடுத்துக் காட்டினார்கள். எம்.ஏ.பி. பாதி கொழுப்புத் துண்டில் தொடங்குவதை நினைத்தால் அதில் வியப்பில்லை.

அளக்க: 1 மி.லி. வளர்ப்பை 10,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அமிலம் கலந்த எத்தனால் 1 மி.லி. விட்டு நன்றாகக் கலக்குங்கள். 96 மி.லி. எத்தனாலுக்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 4 மி.லி. போதும். செல் தூள் வெளிறியதும் மறுபடி சுழற்றி, தெளிந்த திரவத்தை 535 நானோமீட்டரில் படியுங்கள். அமிலத்தை விட்டுவிட்டால் மூலக்கூறின் ஒரு பகுதி மஞ்சள் வடிவத்துக்குப் போய்விடும், உச்சம் 470 பக்கம் நகரும், நிறமி குறைந்ததாகத் தவறாகத் தெரியும். வெளிச்சத்திலும் இது வெளுக்கும், ஆகவே குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

இந்த மஞ்சள் மாற்றமே ஒரு நல்ல அடையாளச் சோதனை. சிவப்பாகவோ ரோஸாகவோ வரும் எல்லாமே செரேஷியா அல்ல. குளியலறையில் ரோஸ் படலம் கண்டால் பலரும் உடனே செரேஷியா என்று முடிவு கட்டுகிறார்கள், ஆனால் மெத்திலோபாக்டீரியமும் ரோடோடொருலா ஈஸ்டும்கூட அப்படித்தான் இருக்கும். எத்தனால் சாற்றில் ஒரு சொட்டுக் காரம் விட்டால் மஞ்சளாகி, அமிலம் விட்டால் ரோஸுக்குத் திரும்பினால் புரோடிஜியோசினாக இருக்க வாய்ப்பு அதிகம். கேரட்டில் இருப்பது போன்ற கரோட்டினாய்டு நிறமிகள் இதற்கு அசையாது. அவற்றின் உறிஞ்சல் வரைபடத்தில் 440-க்கும் 530-க்கும் இடையே மூன்று விரல் போன்ற முகடுகள் தெரியும். செரேஷியா பலவீனமான நோயாளிகளுக்குத் தொற்று தரும் கிருமி, மருந்து எதிர்ப்பும் அதிகம். வீட்டுச் சமையலறையில் வளர்க்கும் பொருள் அல்ல. மருத்துவமனைத் தொற்றுகளில் கிடைக்கும் வகைகள் பெரும்பாலும் நிறமற்றவை, ஆகவே வெள்ளை என்றால் செரேஷியா இல்லை என்றும் சொல்ல முடியாது.

இப்போது பரிணாமம். 14 மரபணு வேலை செய்தால்தான் சிவப்பு என்றால் பாதி வழி இருந்த காலத்தில் அதனால் என்ன பயன், என்று கேட்கத் தோன்றும். உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் அந்தக் கேள்வி பாதி கரைந்துவிடும். பிக்-ஏ கொழுப்பைச் சிதைக்கும் அசைல் கோ-ஏ டிஹைட்ரோஜினேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பிக்-எச்சின் செரின் கையாளும் பகுதி, ரத்தத்தின் ஹீமுக்கு முதல் படியைச் செய்யும் அமினோலெவுலினேட் சிந்தேஸ் இருக்கும் குடும்பம். பிக்-இ அமினோ அமிலங்களில் நைட்ரஜன் மாற்றும் நொதிகளின் உறவு. பிக்-சியில் பைருவேட்டோடு பாஸ்பேட் விளையாடும் நொதிகளின் சாயல் தெரிகிறது. ஆக, நிறத்துக்கென்று புதிதாகப் பிறந்த நொதி அனேகமாக எதுவுமில்லை. அன்றாட வாழ்க்கைக்கு இருந்தவை இரட்டிப்பாகி, ஒரு பிரதி பழைய வேலையில் நிற்க, மறு பிரதி வேறு பொருளைப் பிடிக்கப் பழகியிருக்கிறது.

பாதி வழிக்கும் வேலை இருக்கிறது. புரோலினை ஒரு கையில் மாட்டிப் பிர்ரோலாக்கும் முதல் மூன்று பாகங்களும் நிறத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா செய்யும் பூஞ்சைக்கொல்லி பையோலூட்டியோரின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா செய்யும் ஆண்டிபயாடிக்குகளான குளோரோபயோசின், கூமர்மைசின், எல்லாவற்றிலும் அதே மூவரைப் பார்க்கலாம். அங்கே முடிவில் சிவப்பு நிறமி எதுவும் இல்லை.

நிறமி வழிகளையே ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர் அண்டெசில்புரோடிஜியோசின் என்ற சிவப்பைச் செய்கிறது. அதன் ரெட் தொகுதியில் எம்.பி.சி. செய்யும் மரபணுக்கள் செரேஷியாவுடையவற்றின் உறவுக்காரர்கள். ஒட்டும் ரெட்-எச், பிக்-சியின் உறவு. ஆனால் சி வளையம் அங்கே முற்றிலும் வேறு வழியில், கொழுப்பு அமிலம் நீட்டும் இயந்திரத்தின் பாகங்களைக் கொண்டு செய்யப்படுகிறது. கடலில் வாழும் சூடோஆல்டெரோமோனாஸ் டியூனிகாட்டா இன்னொரு படி போய், எம்.பி.சி.யோடு மூன்றாவது வளையத்தைச் சேர்க்காமல் ஒரு நீண்ட அமீனை ஒட்டி டாம்ப்ஜமின் என்ற மஞ்சளைச் செய்கிறது. ஒரு பாதி அப்படியே நிற்க, மறு பாதி மாறி மாறி வருகிறது. ஒட்டும் நொதி கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் இது நடக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் கோடிழுத்த தட்டில் இரண்டு வெள்ளைகள் சேர்ந்து சிவப்பானதும் இதே பிரிவினால்தான்.

தொகுதி ஒட்டுமொத்தமாக நகர்வதற்கும் தடயம் உண்டு. சிவப்பான செரேஷியா மார்சசென்ஸ் வகை ஒன்றில் பிக் தொகுதி முழுவதும் கியூ-ஆர், காப்-ஏ என்ற இரண்டு செம்பு சார்ந்த மரபணுக்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. நிறமற்ற வகையில் அந்த இரண்டும் அடுத்தடுத்து, நடுவே ஒன்றுமில்லாமல் இருக்கின்றன. வேறொரு செரேஷியாவில் இதே தொகுதி வேறு அண்டைவீட்டாரோடு இருக்கிறது. தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே வந்த சொத்து இப்படி இடம் மாறி இருக்காது. தொகுதியை எர்வினியா என்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தபோது அங்கேயும் நிறம் வந்தது. எல்லா மரபணுவும் ஒரே மூட்டையாக இருப்பதன் லாபம் இதுதான்: பாதி போனால் பயனில்லை, மூட்டையோடு போனால் போன இடத்தில் உடனே வேலை.

வயலசின் இதைவிட அழகான சாட்சி என்பது என் எண்ணம். குரோமோபாக்டீரியம் வயலசியம் என்ற பாக்டீரியாவின் ஊதா நிறமி அது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இரண்டு, ஐந்து நொதிகள். வயோ-ஏ டிரிப்டோஃபானை ஆக்சிஜனேற்றுகிறது, வயோ-பி இரண்டைச் சேர்க்கிறது. இந்த இரண்டு படிக்கும் நெருங்கிய உறவினர்கள் ரெபெக்காமைசின், ஸ்டாரோஸ்போரின் என்ற மருந்துப் பொருள்களைச் செய்யும் வழிகளிலும் இருக்கிறார்கள். சேர்ந்த இரட்டை நிலையற்றது. தானாக விட்டால் குரோமோபிர்ரோலிக் அமிலமாகி அந்த மருந்துகளின் பக்கம் போகும். வயோ-இ நடுவில் புகுந்து ஒரு இண்டோலை, அதாவது டிரிப்டோஃபானின் வளையப் பகுதியை, இடம் மாற்றி வைக்கிறது, பாதை ஊதாவை நோக்கித் திரும்புகிறது. வயோ-இயின் வடிவத்தை 2008-இல் பார்த்தபோது அது செல் சுவரில் கொழுப்புப் புரதங்களைச் சுமக்கும் லோல்-ஏ, லோல்-பி புரதங்களைப் போல இருந்தது. சுமை தூக்கும் மடிப்பு ஒன்று இங்கே வளையம் திருப்பும் வேலைக்கு வந்திருக்கிறது.

வயலசின் வழியில் கடைசி இரண்டு நொதிகளை எடுத்தெடுத்துப் பார்த்தால் பாதியில் நின்ற வழிக்கும் நிறம் உண்டு என்று கண்ணாலேயே தெரியும். வயோ-டி இல்லையென்றால் ரோஸ் கலந்த டியாக்சிவயலசின், வயோ-சி இல்லையென்றால் பச்சை சார்ந்த புரோவயலசின். இதை அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வயலசின் 575 முதல் 585 நானோமீட்டரில் உறிஞ்சுவதால் 600-இல் செல் அடர்த்தி படித்தால் ஊதாச் செல்கள் அதிகம் இருப்பதுபோல் காட்டும். 720-இல் படியுங்கள்.

நொதியின் விருப்பம் மாற எவ்வளவு மாற்றம் தேவை? கரோட்டினாய்டில் இதைச் செய்தே பார்த்தார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் பொன்னிறத்துக்கு முதல் படியைச் செய்யும் நொதி சி.ஆர்.டி.-எம், 15 கார்பன் துண்டுகள் இரண்டைச் சேர்த்து 30 கார்பன் முதுகெலும்பு செய்கிறது. செடிகளிலும் பல பாக்டீரியாக்களிலும் இருக்கும் உறவு நொதி 20 கார்பன் துண்டுகளைச் சேர்த்து 40 ஆக்கும். 2002-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், சி.ஆர்.டி.-எம்மின் 26-ஆம் இடத்து ஃபினைல்அலனினை மட்டும் லூசினாகவோ செரினாகவோ மாற்றியதும் அது 40 கார்பன் வகையையும் செய்யத் தொடங்கியது. பொருள் நுழையும் பொந்தில் பருமனான அமினோ அமிலம் ஒன்று விலகினால் போதும்.

கடைசியாக, நிறம் எதற்கு? மண்ணுக்குள் இருட்டில் வாழும் பாக்டீரியாவுக்குச் சிவப்பாகத் தெரிவதால் லாபமில்லை. புரோடிஜியோசின் புரோட்டானையும் குளோரைடையும் சவ்வின் குறுக்கே சேர்த்துக் கடத்தும். அதனால் பிற நுண்ணுயிர்களைக் கொல்லும். இரட்டைப் பிணைப்புகளின் வரிசை அதன் வேதியியலோடு வந்தது, நிறம் அதன் பக்கவிளைவு. ஆரியஸின் பொன்னிறத்தில் கதை கொஞ்சம் வேறு. அதே இரட்டைப் பிணைப்பு வரிசை நம் வெள்ளணுக்கள் வீசும் ஆக்சிஜன் நச்சைத் தாங்கிக்கொள்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக உருவாக்கிய பி.பி.எச்.-652 என்ற சேர்மம் சி.ஆர்.டி.-எம்மையும் தடுக்கிறது, மனிதனில் கொலஸ்ட்ரால் செய்யும் வழியில் உள்ள ஸ்குவாலீன் சிந்தேஸ் நொதியும் சி.ஆர்.டி.-எம்மும் ஒரே குடும்பம் என்பதால். 2008-இல் அதைக் கொடுத்துப் பார்த்தபோது ஆரியஸ் காலனிகள் வெளுத்தன, ரத்தத்தில் எளிதாகச் செத்தன, எலிகளில் தொற்றும் குறைந்தது.